சுடாமல் திரும்புவது

சென்ற தை மாதத்தில் அமெரிக்காவிலிருந்து என் அக்காள் மகன் ஒரு கடிதம் எழுதியிருந்தான். கடிதம் என்றால் தபால்காரர் கொண்டுவந்து கொடுத்ததல்ல, கைபேசியில் வந்ததுதான். ஆனால் நீளத்திலும் மனத்தாங்கலிலும் அது பழைய காலத்துக் கடிதம். எட்டு வயதில் பெற்றோருடன் கள்ளக்குறிச்சியை விட்டுப் போனவன் அவன். தமிழ் நன்றாகப் பேசுவான்; எழுத வராது. "அன்புள்ள மாமா" என்பதை மட்டும் எப்படியோ தமிழில் தட்டிவிட்டு, மற்றதையெல்லாம் ஆங்கிலத்தில் எழுதியிருந்தான்.

விஷயம் இதுதான். இந்த வருஷம் அவன் வேட்டைக்குப் போகப் போகிறான். அவன் இருப்பது மின்னசோட்டா மாநிலம். வேட்டையாடப் போவது அங்கிருந்து ஆயிரம் மைலுக்கு அப்பால் உள்ள மாண்டானா மாநிலத்து மலைகளில். சொந்த மாநிலத்தில் நண்பர்களோடு இரண்டொரு முறை சிறு மான் வேட்டைக்குப் போனதுண்டாம். வெளி மாநிலத்துக்குப் பெரிய மிருகத்தை நாடிப் போவது இதுவே முதல் தடவை. அந்த மிருகத்துக்கு எல்க் என்று பெயர். நம் கடமானுக்கு அண்ணன் முறையாக வேண்டும். வளர்ந்த ஆண் முந்நூறு கிலோவுக்குக் குறையாது.

அவன் போட்டிருந்த திட்டத்தைப் படித்தபோது, எங்கள் வீட்டில் ஒரு கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு யோசித்ததில்லையே என்று தோன்றிற்று. ஏப்ரல் முதல் தேதிக்குள் விண்ணப்பம் போட வேண்டும். பெரிய வேட்டைக்கான கூட்டுச் சீட்டு வெளி மாநிலத்தாருக்கென்று 17,000-தான். குலுக்கலில் விழுந்தால் உண்டு. துப்பாக்கி வேட்டைக் காலம் அக்டோபர் கடைசியில் தொடங்கி ஐந்து வாரம். இடுப்புக்கு மேலே குறைந்தது 400 சதுர அங்குலம் ஆரஞ்சு நிறத் துணி தெரிய வேண்டும். இன்னொரு வேட்டைக்காரன் மான் என்று நினைத்துச் சுட்டுவிடாமல் இருப்பதற்கு. இறைச்சியை வீணாக விட்டுவிட்டு வந்தால் குற்றம். ஆகவே சுட்ட இடத்திலேயே கூறு போட்டு, முதுகில் சுமந்து, நாலைந்து நடையாக மலையிறக்க வேண்டும். பூட்ஸ், கத்தி, பனிக்கட்டிப் பெட்டி, வரைபடம், கூடாரம் என்று 43 சாமான்கள் கொண்ட ஜாபிதா ஒன்று. ஆபீஸில் பத்து நாள் லீவு. செலவையும் எழுதியிருந்தான். அதை இங்கே சொன்னால் என் அக்காள் படித்துவிடுவாள், ஆகவே சொல்லவில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு, கடைசியில் கேட்டிருந்தான்: "மாமா, அப்பா இதைப் பற்றிப் பேசவே மாட்டேன் என்கிறார். அம்மா அழுகிறாள். நம் வீட்டுக் கூடத்தில் கொள்ளுத் தாத்தாவின் மான் கொம்பு மாட்டியிருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவர் செய்தது தப்பில்லை என்றால் நான் செய்வது மட்டும் எப்படித் தப்பு? நீங்கள் கதை எழுதுகிறவர். நியாயத்தைச் சொல்லுங்கள்."

கதை எழுதுகிறவனுக்கு நியாயம் தெரியும் என்று யார் இந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தார்களோ! பாத்திரங்கள் இரண்டு பேரைச் சண்டை போட விட்டு, இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகக் காட்டிவிட்டு நழுவிக்கொள்வதுதான் எங்கள் தொழில். பதில் எழுதாமல் பத்து நாள் கடத்தினேன். அதற்குள் அக்காளே தொலைபேசியில் கூப்பிட்டுவிட்டாள்.

"நீயாவது அவனுக்கு எடுத்துச் சொல்லக் கூடாதாடா, தம்பி? ஒரு உயிரைக் கொல்ல ஆயிரம் மைல் போகணுமா? இங்கே கடையில் கறி கிடைக்கலையா?"

இந்தக் கேள்வியைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். அவளும் ஒரு கணம் கழித்துச் சிரித்தாள். ஆனால் சிரித்ததோடு போய்விடுகிற கேள்வியல்ல அது.

கடையில் கறி கிடைக்கிறது. உண்மை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கள்ளக்குறிச்சிக் கறிக்கடையில் பையோடு நிற்கிற கூட்டத்தில் நானும் ஒருவன். ஆட்டை நாம் பார்ப்பதில்லை. தொடையையும் ஈரலையும்தான் பார்க்கிறோம். கொன்ற பாவம் கடைக்காரருக்கு, தின்ற ருசி நமக்கு என்று ஒரு பாகப் பிரிவினை செய்துகொண்டிருக்கிறோம். திருவள்ளுவர் இந்தப் பாகப் பிரிவினையை ஒப்புக்கொண்டவரல்ல. புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமும் கொல்லாமைக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியாக வைத்தார். ஆனால் இரண்டையும் துறவறவியலில் வைத்ததால், நம் போன்ற இல்லறவாசிகள், அது சந்நியாசிகளுக்குச் சொன்னது என்று சௌகரியமாக அர்த்தம் செய்துகொண்டு சாப்பிட உட்கார்ந்துவிட்டோம்.

இந்தக் கணக்கில் பார்த்தால் என் மருமகன்தான் எங்களைவிட யோக்கியன். தான் தின்னப் போகிற மிருகத்தைத் தானே கண்ணால் பார்க்கிறேன், தானே கொல்கிறேன், தானே சுமக்கிறேன் என்கிறான். அவன் கடிதத்திலும் இந்த வாதம் இருந்தது. "என் தட்டில் இருப்பது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிய வேண்டும்" என்று எழுதியிருந்தான்.

வாதம் நல்ல வாதம். முழு உண்மைதானா என்பது எனக்குச் சந்தேகம். அவன் செலவழிக்கப் போகிற பணத்தில் இரண்டு மூன்று வருஷத்துக்கு இறைச்சி வாங்கலாம். இறைச்சிக்காக யாரும் ஆயிரம் மைல் போவதில்லை. ஆசைக்காகப் போகிறார்கள். குளிரில் விடியற்காலையில் மலையேறுகிற ஆசை. தன்னைவிடப் பெரிய ஒரு மிருகத்தின் எதிரில் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிற ஆசை. ஆசைப்படுவதே பாவம் என்று சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் ஆசையைப் பசி என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. பசிக்கு ஓர் எல்லை உண்டு. வயிறு நிறைந்தால் அடங்கிவிடும். ஆசைக்கு எல்லையை நாம்தான் போட வேண்டியிருக்கிறது.

அந்த எல்லையைச் சட்டம் போட்டுவிடவில்லையா என்று கேட்கலாம். அவன் நம்பிக்கையும் அதுதான். சீட்டு வாங்குகிறேன், பணம் கட்டுகிறேன், பொது நிலத்தில் வேட்டையாடுகிறேன், யாருக்கு என்ன நஷ்டம் என்கிறான். இதையும் தள்ளிவிட முடியாது. அந்த நாட்டில் சர்க்கார் நிலம் என்பது குடிமக்கள் எல்லோருக்கும் சொந்தம் என்று மெய்யாகவே நினைக்கிறார்கள். வயோமிங் மாநிலத்தில் நடந்த ஒரு வழக்கைக் கேளுங்கள். 1860-களில் ரயில் பாதை போட்ட கம்பெனிகளுக்கு ஒரு சதுர மைல் விட்டு ஒரு சதுர மைலாக நிலம் கொடுத்தார்கள். அதனால் அங்கே சதுரங்கப் பலகை மாதிரி ஒரு கட்டம் தனியாருக்கு, அடுத்த கட்டம் பொதுவுக்கு என்று அமைந்துவிட்டது. மிஸௌரி மாநிலத்திலிருந்து வந்த நான்கு வேட்டைக்காரர்கள், தனியார் மண்ணில் கால் படாமல், இரண்டு பொதுக் கட்டங்கள் தொடுகிற மூலையில் இரும்பு ஏணி வைத்து இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கினார்கள். பண்ணைச் சொந்தக்காரர், மண்ணைத் தொடாவிட்டாலும் என் ஆகாயத்தில் நுழைந்துவிட்டீர்கள் என்று வழக்குப் போட்டார். 2022-ல் குற்ற வழக்கில் நால்வரும் விடுதலையானார்கள். சிவில் வழக்கிலும் 2025 மார்ச்சில் மேல் முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கமே தீர்ப்புச் சொல்லிற்று.

என் மருமகன் போகப் போகிற மாண்டானாவிலும் ஒரு பழைய வழக்கு உண்டு. 1976-ல் உள்ளூர்க்காரர் 9 டாலருக்கு எல்க் சீட்டு வாங்கலாம். வெளி மாநிலத்தார் வேறு பிராணிகளையும் சேர்த்துக் கட்டிய 225 டாலர் சீட்டைத்தான் வாங்க வேண்டும். இது அநியாயம் என்று, அவனுடைய மின்னசோட்டாவைச் சேர்ந்த வேட்டைக்காரர்களே கோர்ட்டுக்குப் போனார்கள். 1978-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், எல்க் வேட்டை ஒரு பொழுதுபோக்கு, அடிப்படை உரிமையல்ல, வெளியாரிடம் அதிகம் வாங்கலாம் என்று சொல்லிவிட்டது. பொழுதுபோக்கு என்ற அந்த வார்த்தையை நான் அடிக்கோடிட்டு வைத்துக்கொண்டேன். ஆசை என்று நான் சொன்னதையே நீதிபதிகள் மரியாதையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

வேட்டைக்காரர் பணத்தால் அங்கே காடு வாழ்ந்ததும் உண்மை. 1937-ல் போட்ட ஒரு சட்டத்தால் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கிற வரி, மாநிலங்களின் வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. 1900-க்குப் பிறகு ஒரு லட்சத்துக்கும் கீழே போய்விட்ட எல்க் மான்கள் இன்று சுமார் பத்து லட்சம்.

நம் நாட்டுக் கதை வேறு. இங்கேயும் சீட்டு இருந்தது. சீட்டு காட்டைக் காப்பாற்றவில்லை. 1947-ல் கொரியா சமஸ்தானத்து ராஜா ஓர் இரவில் மூன்று சிவிங்கிப் புலிகளைச் சுட்டார். இந்தியாவில் கடைசியாகச் சுடப்பட்டவை அவைதான் என்கிறார்கள். 1952-ல் அந்த இனமே இங்கே அழிந்துவிட்டதாக அறிவித்தார்கள். 1972-ல் புலிகளை எண்ணியபோது 1,827 இருந்தன. அந்த வருஷம் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில்கூடச் சிறப்பு வேட்டை, பெரு வேட்டை, சிறு வேட்டை, பொறி வைத்துப் பிடித்தல் என்று நான்கு வகை உரிமங்களுக்கு இடம் இருந்தது. 1991-ல் திருத்தம் வந்து அந்த வாசல் அடைபட்டது. இன்று இந்தியாவில் பொழுதுபோக்குக்காக வேட்டையாட ராஜாவுக்கும் வழியில்லை, மந்திரிக்கும் வழியில்லை.

மலைவாசிக்கும் வழியில்லை. 2006-ல் வந்த வன உரிமைச் சட்டம் பழங்குடியினரின் பாரம்பரிய உரிமைகளை ஒப்புக்கொண்டது; தேன் எடுக்கலாம், கடுக்காய் பொறுக்கலாம், தலைமுறையாய் உழுத நிலத்துக்குப் பட்டா கேட்கலாம். ஆனால் வேட்டையாடும் பாரம்பரிய உரிமை மட்டும் சேராது என்று அந்தச் சட்டமே தெளிவாக விலக்கி வைத்திருக்கிறது. அமெரிக்காவில் பொழுதுபோக்குக்குச் சீட்டு உண்டு. கல்வராயன் மலையில் பாரம்பரியத்துக்கும் சீட்டு இல்லை. எது நியாயம் என்று யோசித்துக் குழம்பிக்கொண்டிருந்தபோதுதான், மலையிலேயே ஒருவரைக் கேட்டால் என்ன என்று எனக்குத் தோன்றிற்று.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் பஸ் போகிறது. கோமுகி அணையைத் தாண்டியதும் மலை ஏற்றம். சின்ன வயதில் இந்த மலையைத் தூரத்து நீலமாக மட்டும் பார்த்திருக்கிறேன். கீழே இருக்கிற எங்களுக்கு அது மழை வருகிற திசை; அவ்வளவுதான். மேலே இருக்கிற மலையாளிகள், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரர்கள் என்று சொல்வார்கள். மூன்று ஜாகீர்தார்களின் ஆட்சியில் இருந்த இந்த மலையை 1976-ல்தான் சர்க்கார் ஏற்றுக்கொண்டது. இது யாருடைய நிலம் என்று சதுரங்கக் கட்டம் போட்டு யாரும் அவர்களைக் கேட்டதில்லை.

நான் தேடிப் போன பெரியவருக்கு எண்பது வயதுக்கு மேல் இருக்கும். அவருடைய தகப்பனார்தான் என் தாத்தாவுக்கு வேட்டையில் வழிகாட்டி. தாத்தா கீழ்நாட்டிலிருந்து துப்பாக்கியோடு மலையேறுவார். அவர் தடம் பார்த்துக்கொண்டு முன்னால் நடப்பார். பெங்களூரிலிருந்து மாகாண எல்லை தாண்டி, அன்றைய சேலம் ஜில்லாவின் ஜவளகிரிக் காடு வரை ஆட்கொல்லிப் புலிகளைத் தேடி வந்த கென்னத் ஆண்டர்சனுக்கும், பைரா என்ற காட்டுவாசி துணை இருந்தார். அந்தக் காலத்து வேட்டைக் கதைகள் எல்லாவற்றிலும் இப்படி ஒருவர் முன்னால் நடந்திருக்கிறார். கொம்பு மட்டும் பின்னால் நடந்தவர் வீட்டுக் கூடத்துக்குப் போய்ச் சேரும்.

பெரியவர் மரவள்ளித் தோட்டத்துப் பரணில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பழைய எண்ணெய் டின்னும் தடியும். இரவெல்லாம் அதைத் தட்டிப் பன்றி விரட்டுகிறாராம். நான் யார் என்று சொன்னதும் கையைப் பிடித்துக்கொண்டார். மருமகன் விஷயத்தை விவரமாகச் சொன்னேன். சீட்டு, குலுக்கல், ஆரஞ்சுத் துணி எல்லாவற்றையும் ரசித்துக் கேட்டார்.

"நல்ல ஊருதான் போ, தம்பி! இங்கே போன வருஷம் என் பேரன் ஒரு முயலைப் பிடிச்சுட்டு அபராதம் கட்டினான். பன்றி என் மரவள்ளியைத் தின்னலாம். மரவள்ளிக்காரன் பன்றியைத் தின்னக் கூடாது. அதுதான் இங்கே சட்டம்."

2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு காட்டுப்பன்றி பற்றி ஓர் ஆணை போட்டது. காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வருகிற பன்றிகளை வனத்துறையினர் சுடலாம். ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். ஒரு கிலோமீட்டருக்குள் ஒன்றும் செய்யக் கூடாது. இதைச் சொன்னேன். பெரியவர் தோட்டத்து வேலியைக் காட்டினார். வேலிக்கு அந்தப் பக்கமே காடு. இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சட்டத்தின் மேல் அவருக்கு அப்படி ஒன்றும் கோபமில்லை. "எல்லாருக்கும் துப்பாக்கி கொடுத்தா ஒரு மாசத்துல மலை மொட்டையாயிடும். அது எனக்கும் தெரியும்" என்றார்.

"அப்படியானால் அந்தப் பையன் போகலாமா, கூடாதா? நீங்களே சொல்லுங்கள்" என்றேன்.

அவர் அதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை. "உங்க தாத்தா அந்தச் சாயங்காலத்தைப் பற்றி வீட்டிலே சொல்லியிருக்காரா?" என்று கேட்டார்.

சொன்னதில்லை. தாத்தா எனக்குப் பத்து வயதாகும்போது காலமானார். அவர் சொன்ன வேட்டைக் கதைகள் எல்லாம் குண்டு பட்டவுடன் மிருகம் விழுகிற கதைகள். பெரியவர் சொன்ன கதை அப்படிப்பட்டதல்ல.

அறுபதுகளின் ஆரம்பம். பெரியவருக்கு அப்போது பதினேழு, பதினெட்டு வயது. தாத்தா மூன்று நாள் தங்குவதாக வந்திருந்தார். இரண்டு நாளும் ஒன்றும் அகப்படவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம், மறுநாள் காலையில் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்ற நிலையில், ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு கடமான் வந்து நின்றது. தூரம் அதிகம், வெளிச்சமும் போய்க்கொண்டிருந்தது. தகப்பனார், வேண்டாங்க என்று கையால் ஜாடை காட்டினார். தாத்தா சுட்டுவிட்டார். பட்டது. மான் விழவில்லை, புதருக்குள் போய்விட்டது. இருட்டில் தேட முடியவில்லை. காலையில் தாத்தா ஊருக்குக் கிளம்பவில்லை; அதை அவருக்காகச் சொல்ல வேண்டும். மூன்று பேரும் ரத்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அன்று முழுவதும் தேடினார்கள், மறுநாளும் தேடினார்கள். ஒரு சரிவில் அது படுத்து எழுந்த இடம் இருந்தது. இன்னொரு சரிவிலும் இருந்தது. அதற்கடுத்த நாள், கழுகுகள் வட்டமிட்ட இடத்தில் கொம்பும் எலும்புமாகக் கிடைத்தது.

"அந்தக் கொம்புதான் தம்பி, உங்க வீட்டுக் கூடத்திலே இருக்கிறது."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அந்தக் கொம்பில் நான் பள்ளிக்கூடப் பையை மாட்டியிருக்கிறேன்.

"அப்பா அவரை ஒண்ணும் திட்டலை. 'நாளைக்கும் மான் வருமுங்க. நீங்கதான் நாளைக்கு இருக்க மாட்டீங்க. அதனாலே சுட்டுட்டீங்க'ன்னு மட்டும் சொன்னார். அதுக்கப்புறமும் உங்க தாத்தா ரொம்ப நாள் வந்தார். ஆனா வெயில் மலைமேலே ஏறிட்டா தோட்டாவைக் கழற்றிப் பையிலே போட்டுடுவார். எத்தனை பெரிசு எதிரே வந்து நின்னாலும் பார்த்துக்கிட்டு நிற்பார், அவ்வளவுதான்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்கு வேறு எந்த நினைவும் இல்லை. தாத்தாவிடம் லைசென்ஸ் இருந்தது. அனுமதிச் சீட்டு இருந்தது. வேட்டைக் காலமாகவும் இருந்திருக்கும். சட்டத்தின் கண்ணில் அன்று சாயங்காலம் அவர் ஒரு குற்றமும் செய்யவில்லை. ஆயினும் ஒரு மிருகம் இரண்டு சரிவுகளில் படுத்துப் படுத்து எழுந்து போயிருக்கிறது. அவரைச் சுட வைத்தது குரூரமல்ல, அவர் குரூரமானவரல்ல. பசியுமல்ல. மூன்று நாள் முடிந்துவிட்டது என்ற எண்ணம். வந்த சிரமம் வீணாகக் கூடாது என்ற எண்ணம்.

இதுதான் வெளியூர் வேட்டைக்காரனுக்கு உள்ள ஆபத்து என்று எனக்குப் பட்டது. உள்ளூர்க்காரன் இன்று விட்டால் நாளைக்குப் போவான். வெளியூர்க்காரனுக்கு நாள் கணக்கு உண்டு, லீவுக் கணக்கு உண்டு, பணக் கணக்கு உண்டு. முதல் நாள் காலையில் இது தூரம், இது நிச்சயமில்லை என்று விட்டுவிடுகிற அதே மனிதன், கடைசி நாள் சாயங்காலம் அதே தூரத்தில் சுட்டுவிடுவான். செலவழித்த பணத்தையெல்லாம் அந்த ஒரு மிருகத்திடமிருந்து வசூல் செய்யப் பார்ப்பான். விருந்தாளி வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்பதற்காகச் சரித்திரத்தில் நடந்த படுகொலைகள் கொஞ்சமா? 1911-ல் டில்லி தர்பார் முடிந்து நேபாளத்துத் தராய்க் காட்டுக்குப் போன ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் அவர் கூட்டத்தாரும் சுமார் பத்து நாளில் 39 புலிகளையும் 18 காண்டாமிருகங்களையும் கொன்றார்கள். மன்னருக்கு இருந்தது பத்து நாள். அதற்குள் காட்டையே திரட்டி அவர் முன்னால் நிறுத்தினார்கள்.

வேட்டையில் மட்டுமா இப்படி? கடைசி நாள், போட்ட முதல், வீணாகக் கூடாது என்ற இந்த மூன்றும் சேர்ந்து நல்ல மனிதர்களை என்னென்னவோ செய்ய வைக்கின்றன. பேசி முடித்துப் பத்திரிகையும் அடித்துவிட்டோம் என்பதற்காகப் பிடிக்காத கல்யாணத்தை நடத்திவிடுகிறோம். இவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்பதற்காகக் கோர்ட்டில் பொய்ச் சாட்சி சொல்லிவிடுகிறோம். நம் பாவங்களில் பாதி, முன்கூட்டி நினைத்துச் செய்தவையல்ல. திரும்பிப் போக வழி வைத்துக்கொள்ளாததால் செய்தவை.

அன்று இரவே மருமகனுக்குப் பதில் எழுதினேன். போ என்றும் எழுதவில்லை. போகாதே என்றும் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடையில் நிற்கிறவனுக்கு, போகாதே என்று சொல்ல வாய் ஏது? எழுதியதன் சாரம் இது:

"உன் ஜாபிதாவில் 43 சாமான்கள் இருக்கின்றன. சுட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு எல்லாம் இருக்கிறது. சுடாமல் திரும்புவதற்கு ஒன்றும் இல்லை. அதை முதலில் எழுதிக்கொள். எத்தனை கஜத்துக்கு மேல் சுட மாட்டாய்? எந்த வெளிச்சத்துக்குப் பிறகு சுட மாட்டாய்? அடிபட்டு ஓடினால் எத்தனை நாள் தேடுவாய்? அந்த நாட்களை லீவில் இப்போதே சேர்த்துக்கொள். இதையெல்லாம் மாண்டானா மலையில் பத்தாம் நாள் சாயங்காலம் யோசிக்க முடியாது. வீட்டில், வயிறு நிறைந்து, மனம் அமைதியாக இருக்கும்போதுதான் யோசிக்க முடியும். செலவழித்த பணம் நீ புறப்பட்ட அன்றே செலவாகிவிட்டது. அதை மானிடம் கேட்காதே. வெறுங்கையோடு திரும்பினாலும் இந்தப் பயணம் உனக்குச் சந்தோஷமாக இருக்குமா என்று உன்னையே கேட்டுப் பார். இருக்கும் என்றால் போ. இருக்காது என்றால், நீ தேடிப் போவது மலையுமல்ல, இறைச்சியுமல்ல; கூடத்தில் மாட்டுவதற்கு ஒரு கொம்புதான்."

பிறகு கொள்ளுத் தாத்தாவின் கொம்பு எப்படி வந்தது என்ற கதையையும் எழுதினேன். இதை எழுதலாமா என்று சற்றுத் தயங்கினேன். செத்துப் போனவரைப் பேரன் காட்டிக்கொடுப்பதா? ஆனால் அவர் தோட்டாவைக் கழற்றிப் பையில் போட்ட கதையும் அதோடு சேர்ந்ததுதானே? ஜெயித்த கதைகளை மட்டுமே எங்களுக்குச் சொல்லிவிட்டுப் போனார். தோற்ற கதையைச் சொல்லியிருந்தால் நாங்கள் இன்னும் கொஞ்சம் அதிகமாகக் கற்றுக்கொண்டிருப்போம்.

ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. ஜாபிதாவின் தலைப்பில் மூன்று வரி சேர்த்திருந்தான். 200 கஜத்துக்கு மேல் இல்லை. கடைசி ஒரு மணி வெளிச்சத்தில் இல்லை. லீவு பத்து நாளல்ல, பதின்மூன்று நாள். வேட்டை பத்து நாள்தான், மற்ற மூன்றும் தேடுவதற்கு. கீழே, "குலுக்கலில் விழவில்லையென்றால் சும்மா மலையைப் பார்த்துவிட்டு வருவதாக இருக்கிறேன். அம்மாவையும் கூட்டிப் போகலாமா?" என்று கேட்டிருந்தான். அக்காளிடம் சொன்னேன். "அந்தக் குளிரிலே யார் போவாங்க?" என்றாள். ஆனால் குரலில் அழுகை இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம் போல் பையை எடுத்துக்கொண்டு கறிக்கடைக்குப் போனேன். கடைக்குப் பின்னால் கட்டியிருந்த ஆட்டை அன்று முதல் தடவையாக நின்று பார்த்தேன். அது தழையைத் தின்றுகொண்டிருந்தது. என் முறை வந்தது. எப்போதும் போல் ஒரு கிலோ கேட்கப் போனவன், அரைக் கிலோ போதும் என்றேன். கடைக்காரர், வீட்டில் ஆள் இல்லையா என்று விசாரித்தார். இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இதை ஒரு பெரிய மனமாற்றம் என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். அரைக் கிலோ, அரைக் கிலோதான். மருமகன் மூன்று வரி எழுதிவிட்டான். நான் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை. கூடத்துக் கொம்பு மட்டும் அங்கேயே இருக்கிறது. அதில் இப்போது எதையும் மாட்டுவதில்லை.